மெத்தைக் கடை ஈரநிலம்

ஓடையை அடைத்துக்கொண்டு கிடந்தது ஒரு தகரப் பலகை. அதில் பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது: ‘ஓடையை அடைப்பது குற்றம்.’ அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில்: ‘இப்பலகையைத் தொடுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். நீர்ப்பிடிப்புப் பகுதிப் பாதுகாப்புச் சங்கம்.’

இதைக் கடை வாசலிலிருந்தே படிக்க முடிந்தது. படித்துவிட்டு மெத்தைக்காரர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலா இருந்தார்? கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார், அதுவும் தன் கடைக்குள்ளேயே.

அந்த ஓடை ஒன்றும் மகா நதி இல்லை. மேட்டிலிருந்து இறங்கி, மெத்தைக் கடைக்குப் பக்கத்தில் ஒதுங்கி வந்து, சாலைக்கு அடியில் ஒரு பெரிய சிமெண்டுக் குழாய்க்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். யாரையும் அது தொந்தரவு செய்ததில்லை. சங்கம்தான் அதைத் தொந்தரவு செய்தது. எந்தக் காரியத்தைச் செய்தாலும் முடிவில் ஒரு பலகை நட்டுவிட வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். குப்பை பொறுக்கினால் ஒரு பலகை. குப்பை பொறுக்குவதைப் பற்றிப் பேசினால் இரண்டு. ஒருமுறை கரையில் மரக்கன்று நட்டார்கள். அது வளர்ந்து பலகையை மறைத்தது. மரத்தை வெட்டிவிட்டார்கள். கொஞ்ச காலமாகப் பறவைகள் பலகையிலேயே கூடு கட்டப் பழகிவிட்டன.

அப்படிப்பட்ட பலகைகளில் ஒன்றுதான் காற்றில் பெயர்ந்து, சரிவில் வழுக்கிப் போய், பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல் குழாயின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. தண்ணீருக்குப் போக இடமில்லை. மெத்தைக் கடைக்குள் வந்துவிட்டது.

“பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, இழுத்துப் போடுங்க அதை” என்றாள் மனைவி. பஞ்சு மூட்டைகளை மேசை மேல் ஏற்றி, மேசை மேல் நாற்காலியை ஏற்றி, அதன் மேலும் ஒரு மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“தொட்டா நடவடிக்கைன்னு போட்டிருக்கே.”

“நம்ம கடைக்குள்ள தண்ணி விட்டா என்ன நடவடிக்கைன்னு போட்டிருக்கா? நல்லா கீழ வரைக்கும் படிங்க.”

மெத்தைக்காரர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பால்காரர் ஒருநாள் பலகைக் காலில் மாட்டைக் கட்டினார். அதற்காக அவரைப் பிடித்துக்கொண்டு போய் விழிப்புணர்வுப் பயிற்சியில் உட்காரவைத்தார்கள். பயிற்சி முடிந்து வந்தவர் இன்னும் தெளியவில்லை. பாலை ‘வளம்’ என்கிறார். மாட்டைப் ‘பங்குதாரர்’ என்கிறார். பெண்டாட்டி சோறு போட்டால் ‘கருத்துக்கு நன்றி’ என்கிறார்.

ஆகவே மெத்தைக்காரர் முறைப்படி போவது என்று முடிவு செய்து, ஈரக் காற்சட்டையோடு சங்க அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலகம் உயரமான இடத்தில், மாடியில், நல்ல காய்ந்த கட்டடத்தில் இருந்தது. நீண்ட மேசை. மேசை முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள். சுவர் முழுக்க ஓடையின் புகைப்படங்கள். அதில் ஒன்றுகூட இந்த ஓடை இல்லை. எங்கேயோ பனிமலை தெரிந்தது. உள்ளே நுழைந்தவரின் காலடியில் சொட்டிய தண்ணீரைப் பார்த்துச் செயலாளர் அம்மாள் முகம் சுளித்தார்.

“தரை ஈரமாகுது பாருங்க. ஓரமா நில்லுங்க. இப்ப நீர் மௌனம்.”

நீர் மௌனம் என்பது சங்கத்தின் சடங்கு. தலைவர் மணி அடிப்பார். எல்லோரும் கண்ணை மூட வேண்டும். மூலையில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து சலசலவென்று ஓடை ஓடுகிற சத்தம் வரும். தலைவர் மறுபடி மணி அடிக்கும் வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. திறந்தால் தண்ணீரை அவமதித்ததாகப் பொருள்.

தலைவரைத் தெருவில் எல்லோரும் தொப்பி என்பார்கள். கூரைக்குள்ளும் அகலத் தொப்பியைக் கழற்றாத மனிதர். அதன் நிழலில் முகவாய் மட்டும் தெரியும். மணி அடித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். மெத்தைக்காரரும் மூடினார். இந்தச் சத்தத்தை அசலாக நேற்றுவரை இலவசமாகக் கேட்டுக்கொண்டிருந்தோமே என்று நினைத்தார். மணி அடித்தது. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சார், உங்க பலகை குழாய்ல விழுந்து அடைச்சிருச்சு. எடுத்துட்டீங்கன்னா போதும். கடைக்குள்ள தண்ணி” என்றார் மெத்தைக்காரர்.

“விழுந்துச்சா?” தொப்பி மெல்ல ஆடியது. “சங்கத்தோட பலகை விழாதுப்பா. அது இடம் மாறியிருக்கும். சரி, எந்த ஓடை?”

“நம்ம ஓடைதான் சார். நீங்க பாதுகாக்கிற ஓடை.”

“ஓ, அதுவா!” தலைவர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றாலே அது சொற்பொழிவு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பேனாக்களைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் தட்டத் தயாராக வைத்துக்கொண்டார்கள். “அந்த ஓடைக்காக நான் என் வாழ்க்கையையே குடுத்திருக்கேன். அதைப் பத்திப் பேசாத நாடு இல்ல. ஏறாத விமானம் இல்ல. எவ்வளவு உழைப்புன்னா, ஒரு தடவை அதை நேர்ல போய்ப் பாக்கக்கூட எனக்கு நேரம் கிடைச்சதில்ல!”

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதன் பிறகு செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். பலகை இடம் மாறியது குறித்து ஆராய நிபுணர் ஒருவர் அனுப்பப்படுவார்.

“நிபுணர் வேணாம் மேடம். பலமா ரெண்டு ஆள் போதும்” என்றார் மெத்தைக்காரர்.

“ஆள் அனுப்புற வழக்கம் நம்மகிட்ட இல்லைங்க” என்றார் செயலாளர், வருத்தமாக.

நிபுணர் வந்து சேர்வதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. கீழ் வரிசை மூட்டைகள் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பிள்ளைத்தாச்சி போல் உப்பியிருந்தன. அது முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டிய பஞ்சு. அங்கே கிழவர்கள் வெறும் கட்டிலில் படுத்துக்கொண்டு மெத்தைக்குக் காத்திருந்தார்கள். கடை முழுக்க நனைந்த பஞ்சின் வாடை.

வந்த நிபுணர் தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். பலகையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கடைக்குள் நுழைந்தவர் ஒரு மூட்டை மேல் ஏதோ குதிப்பதைப் பார்த்து அப்படியே சிலையாகிவிட்டார்.

“அசையாதீங்க! தவளை!”

“ஆமா, வந்து நாளாச்சு. ராத்திரியெல்லாம் கத்திக்கிட்டே இருக்கு, தூங்க விடல” என்றாள் மனைவி.

“கத்துதா!” நிபுணர் தவளையைப் பார்த்துக் கைகூப்பினார். “அம்மா, நீங்க குடுத்து வச்சவங்க. இந்த ஓடையில தவளையே இல்லைன்னு போன வருஷம்தான் முழுசா ஒரு ஆய்வு முடிச்சோம். இப்ப பாருங்க!” மூட்டையை அமுக்கிப் பார்த்தார். தண்ணீர் பீச்சி அடித்தது. “என்ன ஒரு உறிஞ்சும் தன்மை! இது சாதாரணக் கடை இல்ல. இது ஈரநிலம்.”

“இது மெத்தைக் கடைங்க” என்றார் மெத்தைக்காரர்.

“அது நேத்து.”

“உங்க பலகை விழுந்ததாலதான் தண்ணி நிக்குது. அதை எடுத்தா...”

“எடுக்கறதா?” தவளைக்காரர் பதறிப்போனார். அன்றிலிருந்து நிபுணருக்கு அதுதான் பெயர். “இயற்கை தானா ஒரு தடுப்பணை கட்டியிருக்கு. அதுல கை வைக்கலாமா?”

“அது இயற்கையா?” என்றாள் மனைவி. “கீழ உங்க சங்கத்தோட பேரு போட்டிருக்கே, இயற்கை எப்ப உங்க சங்கத்துல உறுப்பினராச்சு?”

அதைத் தவளைக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையைச் சுற்றிச் சிவப்புக் கொடிக் கம்புகளை நட்டார். கடைக்குப் பின்கட்டில்தான் அவர்கள் வீடும்; அங்கேயும் போய் ஒரு கம்பை அடுப்படியில் நட்டார். ஒன்றைக் கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் நட்டார். கொடிகளுக்கு உள்ளே இருப்பதெல்லாம் காக்கப்பட வேண்டிய பகுதி என்றும், அதற்குள் மனிதர் இருந்தால் அது ஆக்கிரமிப்பு என்றும் விளக்கினார்.

“எங்கப்பா காலத்துக் கடை சார் இது.”

“தவளை உங்கப்பாவுக்கும் முந்தின இனம்” என்றார் தவளைக்காரர், பெருந்தன்மையோடு.

இந்த முறை மெத்தைக்காரர் அலுவலகத்துக்கு நடக்கவில்லை, ஓடினார். மாடிப்படி முழுக்கத் தண்ணீர்த் தடம். நீர் மௌனம் நடந்துகொண்டிருந்தது. அவர் அதற்குக் காத்திருக்கவில்லை.

“கண்ணைத் திறங்கய்யா எல்லாரும்! பலகை போட்டது நீங்க. அடைச்சது உங்க பலகை. முங்கினது என் பஞ்சு. கடைசியில ஆக்கிரமிப்பு நானா? கொஞ்சமாவது ஈவிரக்கம் இருக்கா உங்களுக்கு? எழுந்து வந்து அந்தத் தகரத்தை இழுங்கய்யா! உங்க வேலையே அதுதானே? தண்ணி ஓடணும், அவ்வளவுதானே உங்க வேலை?”

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. ஒலிபெருக்கி சலசலத்தது. மணி அடித்த பிறகுதான் செயலாளர் இமை திறந்து கனிவாகப் பார்த்தார்.

“உங்க கோபத்தை நாங்க ரொம்ப மதிக்கிறோம். கோபத்துக்குன்னே தனியா ஒரு அமர்வு வச்சிருக்கோம். அடுத்த மாசம் வாங்க, டீ குடுப்போம்.”

“இவருக்கு விஷயத்தைச் சொல்லுங்க” என்றது தொப்பி.

விஷயம் இதுதான். சங்கத்தின் ஆண்டு விழா வருகிறது. வெளியூரிலிருந்து நன்கொடையாளர் ஒருவர், பெரிய மனுஷி, சிறப்பு விருந்தினராக வருகிறார். புதிய ஈரநிலத்தை அவர் கையால் திறந்து வைக்கப் போகிறார்கள். அந்த மேடையில் மெத்தைக்காரர் தானே முன்வந்து, மனமுவந்து, சிரித்த முகத்தோடு, கடைச் சாவியை, தவளைகளின் சார்பாக வாங்கிக்கொள்ளும் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் விழா முடிந்த மறுநாளே சங்கம் ஆட்களோடு வந்து காலி செய்யும்.

“ஆள் அனுப்புற வழக்கம் இல்லைன்னீங்களே?”

“காலி பண்றதுக்கு உண்டு” என்றார் செயலாளர். “அப்புறம் இன்னொண்ணு. பாதிக்கப்பட்டவங்களுக்கு வாழ்வாதாரம் குடுக்கறது எங்க கொள்கை. விழாவுல முன்வரிசை நாற்காலிக்கெல்லாம் மெத்தை தச்சுக் குடுத்துருங்க.”

“பஞ்செல்லாம் நனைஞ்சு கிடக்குதே மேடம்.”

“இருக்கட்டுமே. விழாவோட கருப்பொருளே ஈரம்தானே?”

பாதிப்பேருக்கு மூளை கலங்கியிருந்தால் மீதிப்பேரிடம் முறையிடலாம். இங்கே யாரிடம் முறையிடுவது? மெத்தைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நனைந்த பஞ்சைப் பிழிந்து, திண்டு திண்டாகத் தைத்தார். ஒவ்வொரு குத்துக்கும் ஊசி தேவைக்கு அதிகமாகவே ஆழம் போயிற்று. மனைவி திட்டினால் தாங்கிக்கொள்ளலாம்; அவள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள்.

விழா நாளன்று மாலை, தைத்த மெத்தைகளைக் கைவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார். சட்டைப் பையில் சாவி. சாலையைக் கடந்து, கொஞ்சம் கீழே இறங்கியதும் பந்தல் தெரிந்தது. வண்ண விளக்குகள், ஆள் உயர ஒலிபெருக்கிகள், வரிசையாக நாற்காலிகள். ஏதோ உறுத்தியது. இருபுறமும் கரை. காலுக்கடியில் கூழாங்கல். ஒரு ஓரத்தில் செத்துக் காய்ந்த மீன்.

“மேடம்... இது ஓடை இல்லையா?”

“ஆமா, அதேதான்!” செயலாளர் பூரித்துப்போனார். “‘ஓடையின் மடியில் ஒரு மாலை’. தலைப்பு எப்படி? ரொம்ப வருஷமா இங்க விழா வைக்கணும்னு ஆசை. தண்ணி ஓடிக்கிட்டே இருந்ததால முடியல. இந்த வருஷம்தான் நல்லா காஞ்சு, சமமா, எவ்வளவு வசதியா இருக்கு பாருங்க!”

மெத்தைக்காரர் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்பா செத்தபோது வராத கோபம், பஞ்சு முங்கியபோது வராத கோபம், அடுப்படியில் கொடி நட்டபோதுகூட முழுசாக வராத கோபம், அந்தக் காய்ந்த மீனைப் பார்த்தபோது வந்தது. கால் கட்டைவிரலிலிருந்து கிளம்பி உச்சந்தலைக்கு ஏறியது. மெத்தைகளைச் சத்தமில்லாமல் நாற்காலிகளில் போட்டார். தலைவரின் நாற்காலிக்கு மட்டும் இருப்பதிலேயே நனைந்ததாகப் பார்த்துப் போட்டார்.

“சாவி வாங்கும்போது கூப்பிடுவோம். பக்கத்துலயே இருங்க” என்றார் செயலாளர்.

“இதோ வந்துடறேன் மேடம்” என்று வண்டியைத் திருப்பினார்.

கடை வாசலில் மனைவி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“சாவி குடுத்தாச்சா?”

“அந்த மூட்டை கட்டற கயிறை எடு. மொத்தமானதை.”

அவர் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிறோடு வந்தாள்.

கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பலகையின் இரும்புச் சட்டத்தில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டார். மெத்தைக்காரன் முடிச்சு, ஜென்மத்துக்கும் அவிழாது. மேட்டில் ஏறி இருவரும் இழுத்தார்கள். அசையவில்லை. அந்த வழியாக மாட்டோடு வந்த பால்காரர் நின்று பார்த்தார்.

“பங்குதாரர்கள் என்ன செய்றீங்க?” என்றார்.

“யோவ், பங்குதாரர் கிடக்கட்டும். வந்து பிடிய்யா!” என்று மனைவி ஒரு அதட்டு அதட்டினாள். பால்காரரின் கண்ணில் ஏதோ தெளிந்தது. மாட்டையும் சேர்த்துக் கயிற்றில் பூட்டினார். மூன்று மனிதரும் ஒரு மாடும் சேர்ந்து இழுத்த இழுப்பில், பாட்டில் மூடி திறந்ததுபோல் ஒரு சத்தம். பலகை கரைக்கு வந்து விழுந்தது. ஓடை ஒரு தரம் கனைத்துக்கொண்டு குழாய்க்குள் பாய்ந்தது.

மெத்தைக்காரர் சாலையைக் கடந்து கரையோடு ஓடினார். தண்ணீரும் அவரும் ஏறக்குறைய ஒன்றாகவே விழாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்போது நீர் மௌனம் நடந்துகொண்டிருந்தது.

முன்வரிசை முழுக்கக் கண்ணை மூடியிருந்தது. ஆள் உயர ஒலிபெருக்கிகளில் பனிமலை ஓடை சலசலத்தது. அதற்குப் பின்னால், அதைவிடக் கொஞ்சம் கரகரப்பாக, அசல் ஓடை வளைவு திரும்பியது.

“ஒலிபெருக்கி இந்தத் தடவை பிரமாதம்” என்று கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தார் தவளைக்காரர்.

“பின்ன? புதுசா வாங்கினோமே” என்றார் செயலாளர், கண்ணைத் திறக்காமலே.

தண்ணீர் செருப்புகளைத் தூக்கியது. ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. கணுக்காலைத் தொட்டது. “என்ன ஒரு குளிர்ச்சி!” என்றது தொப்பி, பரவசத்தில். ஏற்கெனவே பின்பக்கம் ஊறியிருந்ததால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கையில் மணி, அடிக்க மனம் வரவில்லை. காலி நாற்காலிகள் மெதுவாகக் கிளம்பிப் போயின. கரை மேல் உட்கார்ந்து மெத்தைக்காரர் சாவியைச் சுழற்றிக்கொண்டே வேடிக்கை பார்த்தார். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாது என்று அவருக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில் எப்படி வாழ்வது என்பதும் தெரியும்.

ஒலிபெருக்கி ஒரு விக்கல் விக்கி அணைந்தது. சலசலப்பு மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் வெளியூர் அம்மாள் கண்ணைத் திறந்தார். அவர் சங்க உறுப்பினர் இல்லையே, தைரியம் உண்டு.

“ஐயோ! நிஜத் தண்ணி!”

எல்லாக் கண்களும் திறந்தன. பிறகு வெளியூர் அம்மாள் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினார். “செத்த ஓடைக்கு எங்க கண்ணு முன்னாலேயே உயிர் குடுத்துட்டீங்களே! எப்படி சார் செஞ்சீங்க?”

தொப்பி நனைந்து தொங்கியது. ஆனால் அதற்கடியில் இருந்த மூளை, பாராட்டு என்றதும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

“இருபது வருஷ உழைப்பு” என்றார் தலைவர்.

“சார், அப்போ ஈரநிலம்...? தண்ணியெல்லாம் இங்க வந்துருச்சுன்னா...” என்று தவளைக்காரர் காதோரம் குனிந்தார்.

“எந்த ஈரநிலம்?”

“சாவி ஒப்படைப்பு சார்...” என்றார் செயலாளர்.

“எந்தச் சாவி? ஓடையே திரும்பி வந்திருக்கு, சாவியாம் சாவி! அந்தக் கொடியையெல்லாம் பிடுங்கச் சொல்லுங்க முதல்ல. ஓடும் ஓடை இருக்கிற ஊர்ல ஈரநிலம்னு சொன்னா, தண்ணியை யாரோ தேக்கி வச்சிருந்தாங்கன்னு ஆயிடும்.”

கரை மேல் மெத்தைக்காரர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடை காய்ந்தது. முதியோர் இல்லத்துக்கு மெத்தைகள் போயின, கொஞ்சம் தாமதமாக. ஓடையை உயிர்ப்பித்ததற்காகத் தலைவருக்கு விருது வந்தது. அதைப் பேப்பரில் படித்தபோது மெத்தைக்காரர் காறித் துப்பினார். அதோடு விட்டுவிடுவார் என்றுதான் மனைவியும் நினைத்தாள்.

ஆனால் காரியம் முடிந்தால் பலகை நட வேண்டுமே. புதுப் பலகை வந்தது. பழையதைப் போல் இரண்டு மடங்கு அகலம், ‘இவ்வோடை எம் தலைவரால் மீட்கப்பட்டது’ என்ற வாசகம், குழாய்க்கு நேர் மேலே நடுவதற்கு உத்தரவு. சிமெண்டு வரும் வரை பத்திரமாக இருக்கட்டும் என்று செயலாளர் அதை மெத்தைக் கடையிலேயே சாய்த்துவைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தால் பலகையைக் காணோம். இருக்கிறதா என்று தேட ஆள் அனுப்பும் வழக்கம் இல்லாததால், ஒரு நிபுணர் குழு அமைத்தார்கள். அந்தக் குழு இன்னும் கூடிக்கொண்டே இருக்கிறது. அது அறிக்கை தரும் வரை வேறு பலகை நடக்கூடாது என்பது விதி.

அதே வாரம் தலைவரிடமிருந்து ஒரு மெத்தைக்கு ஆர்டர் வந்திருந்தது. ஈரத்தில் உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். அகலமாக, உறுதியாக வேண்டுமாம். மெத்தைக்காரர் நல்ல காய்ந்த பஞ்சாகப் போட்டு, ராஜ மரியாதையோடு தைத்து, தானே சுமந்துகொண்டு போய்க் கட்டிலில் விரித்துக் கொடுத்தார்.

சில நாள் கழித்துத் தொப்பியைத் தெருவில் பார்த்தார்.

“இடுப்பு எப்படி சார்?”

“அபாரம்ப்பா! நல்ல உறுதியான மெத்தை. ஆனா ஒண்ணு. புரண்டு படுத்தா உள்ள ஏதோ தகரம் மாதிரி கடகடன்னு சத்தம் கேக்குது.”

“அது ஓடைச் சத்தம் சார்” என்றார் மெத்தைக்காரர். “கண்ணை மூடிக் கேளுங்க.”